சின்னக் காயம்

தரணியின் படம் திருப்பூரில் அவள் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் ஒரு தூணில் ஒட்டியிருந்தது. செக்கிங் பிரிவில், முதலுதவிப் பெட்டிக்கு மேலே, பெயரும் டோக்கன் எண்ணும் போட்டு. வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை ஆள் அனுப்பி எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். பிரிவுக்கு ஒருவராவது முதலுதவி படித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். தரணி பன்னிரண்டாவது முடித்தவள், ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றாதவள். அவளைப் பிடித்துப் போட்டார்கள்.

ராமாத்தாள் என்று ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் வந்து இரண்டு நாள் வகுப்பு எடுப்பார். மற்ற பெண்களுக்கு அது மேசையை விட்டு எழுந்து மின்விசிறிக்குக் கீழே உட்காரக் கிடைத்த இரண்டு நாள். தரணி மட்டும் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து புருஷன் சுரேந்தரின் கையிலும் காலிலும் கட்டுப் போட்டுப் பழகினாள். அவன் கட்டிய கையோடு டிவி பார்ப்பான். "நம்மூட்டு டாக்டரம்மா" என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொள்வான்.

சுரேந்தர் மங்கலம் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டினான். அதே கம்பெனியில் மெக்கானிக் அனீஸ். இரண்டு பேரும் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரே ஷிப்டு, ஒரே டீக்கடை, ஒரே சாப்பாட்டு மேசை. மாப்ள, மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த முறைப்படி தரணிக்கு அனீஸ் அண்ணனானான். அவன் மனைவி சனோபர் தரணியை அக்கா என்பாள். கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து சனோபர் முழுகாமல் இருந்தபோது, புளிச்ச மாங்காய் தேடிக் கடை கடையாக அலைந்தது அனீஸும் சுரேந்தரும் சேர்ந்துதான்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் விழுவதைப் பார்க்க வேண்டும் என்று சனோபருக்கு ஆசை. ஐந்தாம் மாதம். கூட்டம் இருக்கிற அருவிக்கெல்லாம் வேண்டாம் என்று, மடத்துக்குளம் தாண்டித் தெற்கே மலையடிவாரத்தில் பெயர் தெரியாத ஒரு ஓடையைச் சுரேந்தர் யாரிடமோ விசாரித்து வைத்திருந்தான். அனீஸின் ஆம்னி வண்டியில் ஐந்து பேர் போனார்கள். ஐந்தாவது ஆள் தரணியின் மகள் ஜனனி, ஏழு வயது.

வண்டி நின்ற இடத்திலேயே ஓடை சலசலத்துக்கொண்டிருந்தது. சனோபர் அங்கேயே ஒரு புளியமரத்து நிழலில் ஜமக்காளம் விரித்துக் காலை நீட்டிக்கொண்டாள். ஜனனி தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டாள். மேலே எங்கிருந்து விழுகிறது என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி மற்ற மூன்று பேரும் ஏறினார்கள். சாப்பாட்டுத் தூக்கு கீழேயே இருந்தது. தரணியின் தோளில் கைப்பையும் அதில் இரண்டு தண்ணீர் பாட்டில்களும்.

அரைமணி நேரம் பாறைகளுக்கு நடுவே ஏறினால் யாரோ எப்போதோ கட்டி உடைந்துபோன ஒரு தடுப்புச் சுவர். பக்கத்தில் இடிந்த மோட்டார் ரூம். அதன் கூரைத் தகரம் மடங்கித் துருப்பிடித்துக் கிடந்தது. தடுப்பின் உடைப்பு வழியாகத் தண்ணீர் ஒரு ஆள் உயரத்துக்கு விழுந்தது. அருவி என்று சொல்ல முடியாது. ஆனால் வெயில் பட்டு நன்றாக இருந்தது. கீழே இருக்கிற சனோபருக்குக் காட்டுவதற்காக அனீஸ் போனில் வீடியோ எடுத்தான். முழுதும் படத்துக்குள் வரட்டும் என்று ஒரு அடி பின்னால் வைத்தான். பாசி வழுக்கியது.

அவன் கத்தவில்லை. "அடடா" என்று மட்டும் சொன்னான். போன் தண்ணீரில் விழக்கூடாது என்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சரிந்தான். கால் தகரத்தின் விளிம்பில் உரசிக்கொண்டு போனது. மற்ற கை சரளைக்கல்லில் முழங்கை வரை தேய்ந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து தன் காலைப் பார்த்தபோது பேண்ட் கிழிந்து, கெண்டைக்கால் சதை ஒரு சாண் நீளத்துக்குத் திறந்திருந்தது. ரத்தம் சொட்டவில்லை, வழிந்தது.

சுரேந்தர் பாறையோரம் கைக்கு வந்த பச்சிலையைப் பிடுங்கி உள்ளங்கையில் கசக்கிக்கொண்டு ஓடி வந்தான். வயலில் வெட்டுப்பட்டால் அவன் அப்பன் வைத்துக் கட்டுவது அதுதான்.

"அதைக் கீழ போடுங்க," என்றாள் தரணி. "அதுல இருக்கற மண்ணுமு உள்ள போயிரும்."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. சுரேந்தர் போட்டுவிட்டான்.

கைப்பையில் எப்போதும் துவைத்து வெயிலில் காயவைத்த பனியன் துணி இரண்டு வைத்திருப்பாள். திருப்பூரில் கைக்குட்டை வாங்குகிறவர்கள் குறைவு, மிஞ்சின பனியன் துணியே போதும். பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் விட்டுத் தன் கையைக் கழுவிக்கொண்டாள். ஒரு துணியை நாலாக மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் உடம்புப் பாரத்தை எல்லாம் இறக்கி அழுத்தினாள். அனீஸைப் படுக்கச் சொன்னாள். காலைத் தூக்கிக் கைப்பையின் மேல் வைத்தார்கள். பத்து நிமிடம் கையை எடுக்கக் கூடாது, நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்கவே கூடாது என்று ராமாத்தாள் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். தூக்கிப் பார்த்தால் உறைந்தது கிழிந்துகொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"மணி பாருங்க," என்றாள் புருஷனிடம். அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிமிடமாகச் சொன்னான். நான்காவது நிமிடத்தில் துணி நனைந்து சிவந்தது. அதை எடுக்காமல் அதன் மேலேயே இரண்டாவது துணியை வைத்து இன்னும் அழுத்தினாள். தோள்பட்டை நடுங்கியது. அனீஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் எதையோ ஓதினான். கால் விரல்களை அசைக்கச் சொன்னாள். அசைத்தான். தொட்டால் தெரிகிறதா என்று கேட்டாள். தெரிந்தது. பத்தாவது நிமிடத்தில் இரண்டாவது துணி வெள்ளையாகவே இருந்தது. அப்படியே வைத்துத் தன் சுடிதார் துப்பட்டாவால் சுற்றிக் கட்டினாள். இறுக்கிவிட்டோமோ என்று கால் நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தாள். வெளுத்த நகம் திரும்பச் சிவந்தது.

கெண்டைக்காலை அதற்கு மேல் அவள் தொடவில்லை. அது ஆஸ்பத்திரியில் திறக்க வேண்டியது. ஆனால் முழங்கையில் தோல் வழன்று மண்ணும் மணலும் ஒட்டியிருந்தது. அதைக் கழுவலாம். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரிதானே இருக்கிறது என்று சுரேந்தர் கேட்டான். ஆடு மாடு இறங்குகிற தண்ணீர், குடிக்க ஆகாது என்றால் காயத்துக்கும் ஆகாது, கொதிக்கவைக்க இங்கே வழியில்லை என்று சொன்னாள். பாட்டில் மூடியில் சேஃப்டி பின்னைக் குத்தி ஓட்டை போட்டு அமுக்கினாள். தண்ணீர் கம்பிபோலப் பீறிட்டு மணலை அடித்துக்கொண்டு போனது. முதல் பாட்டில் தீர்ந்தது. இரண்டாவது பாட்டிலும் பாதிக்கு மேல் போனபோது சுரேந்தரைப் பார்த்தாள். அவன் காலையிலிருந்து தண்ணீர் குடித்திருக்கவில்லை.

"நீங்க ஒரு வாய் குடிச்சுக்கங்க."

"எனக்கு வேண்டாம். அவனுக்கே ஊத்து."

எல்லாவற்றையும் ஊற்றினாள்.

போனில் டவர் இல்லை. ஓடி இறங்கி யாரையாவது கூட்டி வருவதைவிடத் தூக்கிக்கொண்டு போவதே சீக்கிரம் என்று சுரேந்தர் சொன்னான். அனீஸை முதுகில் ஏற்றிக்கொண்டான். தோல் செருப்பு ஈரப்பாறையில் வழுக்கும் என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கினான். தரணி பக்கவாட்டில் நடந்து அவன் காலில் போட்ட கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் கண் முழுக்க அந்தத் துப்பட்டாவின் மேல்தான். சிவக்கிறதா, சிவக்கிறதா.

பாறை முடிந்து காடு சமமான இடத்தில், யாரோ ஆடு அடைத்துவிட்டு ஓட்டிப் போன பழைய பட்டி ஒன்று இருந்தது. புழுக்கை ஒரு சாண் கனத்துக்கு மழையில் ஊறிக் கிடந்தது. உடைந்த படலும் பலகையும் அதற்குள் புதைந்திருந்தன. அதைக் கடக்கும்போது சுரேந்தர் ஒரு கணம் நின்றான். உடம்பு முழுதும் விறைத்தது. பின்னால் இருந்த அனீஸுக்கே அது தெரிந்து, என்ன மாப்ள என்று கேட்டான். சுரேந்தர் ஒற்றைக்காலில் நின்று மற்றக் காலை உதறினான்.

"முள்ளு," என்றான்.

தரணி காட்டச் சொன்னாள். "அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல இவன எறக்கோணும்," என்று நடந்துவிட்டான். கொஞ்சம் நொண்டினான். பிறகு நொண்டவில்லை.

சனோபர் அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தரணி அவளிடம் போய், கால் அசைகிறது, ரத்தம் நின்றுவிட்டது, தையல் போட்டால் சரியாகிவிடும் என்று மூன்று தடவை சொன்னாள். சுரேந்தர் வண்டியை எடுத்தான். முப்பது கிலோமீட்டரும் அந்தக் காலால்தான் பிரேக்கை மிதித்தான்.

உடுமலையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மாலை நான்கு. இருபத்திரண்டு தையல் போட்டார்கள். போட்டு முடித்த டாக்டர் வெளியே வந்து, இதை யார் கட்டியது என்று கேட்டார். எந்த இலையும் காப்பித்தூளும் அப்பாமல், பஞ்சு ஒட்டாமல் இப்படி ஒரு காயம் வந்து சேர்வது அபூர்வம் என்றார். பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர்களிடமும் சொல்லச் சொன்னார். தரணி சொன்னாள். பத்து நிமிடம், இரண்டு துணி, மூடியில் ஓட்டை. அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவள் வாழ்க்கையில் யாரும் அவளை அப்படி நிறுத்திக் கேட்டதில்லை.

அதற்கு முன்பே சுரேந்தரிடம் சொல்லியிருந்தாள், வெறும் முள்ளானாலும் சரி, ஒரு டிடி ஊசி போட்டுக்கொண்டு வாங்க என்று. அவன் ஜனனியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். முக்கால் மணி நேரம் கழித்து வந்தான்.

"போட்டாச்சுங்களா?"

"ஆச்சு," என்றான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு அவன் பாதத்தைக் கழுவினாள். குதிகாலுக்கு முன்னால், நடுப்பாதத்தில், உளுந்து அளவுக்கு ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. அமுக்கிப் பார்த்தாள். கொஞ்சம் வலிக்கிறது என்றான். அவள் அதற்கு ஒரு பிளாஸ்திரி ஒட்டினாள். மூன்றாம் நாள் அதுவும் விழுந்துவிட்டது. தோல் மூடியிருந்தது.

அந்த வாரம் தரணிக்கு நல்ல வாரம். கம்பெனியில் சேதி பரவி, மேனேஜர் அவளை வரிசை முன்னால் நிறுத்தி எல்லாரையும் கைதட்டச் சொன்னார். படம் எடுத்துக் கம்பெனி வாட்ஸப்பில் போட்டார்கள். அதைச் சுரேந்தர் தனக்குத் தெரிந்த எல்லாருக்கும் அனுப்பினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு. சுரேந்தர் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு நிறுத்தினான். தாடை பிடித்துக்கொண்டு வாய் திறக்க மாட்டேன் என்கிறது என்றான். கடவாய்ப் பல் முளைக்கிறதோ என்றாள் தரணி. இந்த வயதிலா என்று சிரித்தான். சோற்றைக் கரைத்துக் கொடுத்தாள், குடித்தான். சாயங்காலம் கழுத்தும் பிடித்துக்கொண்டது. மெஷின் ஹாலில் ஏர்கூலருக்கு நேராக நின்றதுதான் காரணம் என்று தைலம் தேய்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை பல் டாக்டரிடம் போனான். அந்தப் பெண் டாக்டர் அவன் வாயைப் பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்த்தாள். புருவம் மேலேறி, உதடு இரண்டு பக்கமும் இழுத்து, அவன் எதற்கோ சிரித்துக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. சமீபத்தில் எங்காவது காயம் பட்டதா என்று கேட்டாள். உடனே கோயம்புத்தூர் போங்க, வண்டிக்கு நான் சொல்கிறேன் என்றாள். தரணிக்குப் போன் வந்தபோது அவள் மேசையில் ஒரு பனியனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே வாசல் வரை ஓடினாள். செக்யூரிட்டிதான் வாங்கி வைத்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நடுவயது டாக்டர் சுரேந்தரின் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே அவளிடம் விவரம் கேட்டார். முள் குத்தியது என்றாள். எட்டு நாள் ஆகிறது என்றாள். சோப்புப் போட்டுக் கழுவினேன் என்றாள்.

"ஊசி போட்டாங்களாம்மா?"

"போட்டாச்சுங்க சார். அன்னைக்கே போட்டாச்சு."

டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்த்தார். சுரேந்தரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பித் தரணியைப் பார்த்தான். பிறகு தலையை, முடிந்த அளவுக்கு, இல்லை என்று அசைத்தான்.

டாக்டர், இது டெட்டனஸ், ரண ஜன்னி என்று சொல்லி எழுதிக்கொண்டு வெளியே போனார். செய்ய வேண்டியதை எல்லாம் செய்வதாகவும், நாள் தள்ளித்தான் வந்திருக்கிறார்கள் என்றும், சத்தமும் வெளிச்சமும் படாத தனி அறைக்கு மாற்ற வேண்டும் என்றும் நர்ஸிடம் சொல்லிக்கொண்டே போனார். தரணிக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தாள். அவன் பல்லைத் திறக்காமலே பேசினான். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"சீட்டு வாங்கி வரிசைல நிக்கோணும்னாங்க. முன்னால நாப்பது பேரு. பாப்பா பசின்னு அழுதுச்சு. சாப்பிட்டு வந்து நிக்கலாம்னு போனேன். திரும்பி வந்தா நீ டாக்டருங்ககிட்டச் சொல்லிட்டு நிக்கறே. அதப் பாத்துட்டே நின்னுட்டேன்."

"எங்கிட்ட எதுக்குப் போட்டாச்சுன்னு சொன்னீங்க?"

"நாளைக்குத் திருப்பூர்ல போட்டுக்கலாம்னு. பொறவு மறந்தே போச்சு."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான்.

"முள்ளு இல்ல தரணி. ஆணி. பலகைல இருந்த ஆணி. நல்லா எறங்கிருச்சு. காலை இழுத்துத்தான் எடுத்தேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டாள்.

"தண்ணி இல்லியே. எல்லாத்தையும் அவனுக்கு ஊத்திட்டோம். சொன்னா நீ வெசனப்படுவீன்னு..."

அதற்குள் முதுகு வில்லாக வளைந்தது. தரணி அவனை அமுக்கிப் பிடிக்கப் போனாள். நர்ஸ் ஓடி வந்து அவள் கையை எடுத்துவிட்டார். தொடாதீங்கம்மா, தொட்டால் இன்னும் இழுக்கும் என்றார்.

அதற்குப் பிறகு அவளால் அவனைத் தொட முடியவில்லை. ஐந்து நாள். கறுப்புத் துணி கட்டிய ஜன்னலுள்ள ஒரு அறையில் அவனை வைத்தார்கள். தொண்டையில் குழாய், தூக்கத்துக்கு மருந்து. கதவைத் திறக்கிற சத்தத்துக்கே உடம்பு துள்ளும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு தடவை, செருப்பில்லாமல், வாசலில் நின்று பார்த்துவிட்டு வர விட்டார்கள். இத்தனை வருடம் அவன் கையிலும் காலிலும் கட்டுப் போட்டுப் பழகியவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அழுதால் சத்தம் கேட்கும் என்று வராந்தாவின் கோடிக்குப் போய் அழுதாள். ராமாத்தாள் ஒரு நாள் பார்க்க வந்தார். நெடுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, "நான் ரத்தம் வர்ற காயத்தப் பத்தியேதான் உங்களுக்கெல்லாம் பேசிப் பேசிச் சொன்னேன் கண்ணு," என்று மட்டும் சொன்னார். ஆழமாகக் குத்தி வாய் மூடிக்கொள்கிற காயத்தைப் பற்றியும் அவர் சொல்லியிருந்தார். தரணியின் நோட்டில் அது இருந்தது. நான்கு வரி.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சுரேந்தரின் இதயம் நின்றது. அவனுக்கு முப்பத்தாறு வயது.

அனீஸ் ஊன்றுகோலோடு வந்தான். சுடுகாட்டில் எல்லாருக்கும் பின்னால் நின்றான். தையல் பிரிக்காத காலோடு நிற்காதே, உட்கார் என்று யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டதற்கு அவன் உட்காரவில்லை. தரணியால் அவன் முகத்தைப் பார்க்க முடிந்தது. காலைப் பார்க்க முடியவில்லை. அவனையும் சனோபரையும் அதற்குப் பிறகு அவள் மாதக்கணக்கில் சந்திக்கவில்லை. சனோபர் போன் செய்வாள், தரணி எடுக்க மாட்டாள். எடுத்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குப் போனபோது தூணில் அவள் படம் அப்படியேதான் இருந்தது. எடுத்துவிடச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே ஒரு வாரம் போனது. ஒரு நாள் தையல் லைனில் ஒரு வடநாட்டுப் பெண்ணின் விரலில் ஊசி ஏறி முறிந்துவிட்டது. பெட்டியைத் திறந்தது தரணிதான். ஊசித்துண்டைப் பிடுங்காமல், அசையாமல் கட்டி, வண்டியில் ஏற்றினாள். டிடி ஊசி போட்ட சீட்டைக் கொண்டுவந்து தன்னிடம் காட்ட வேண்டும் என்று கூடப் போனவளிடம் சொன்னாள். பிறகு அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்திருந்த இன்னொருத்தியின் இரண்டு கைகளையும் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பயந்துபோய், எனக்கு ஒன்றும் இல்லை என்று இந்தியில் சொன்னாள். தரணி விடவில்லை.

பங்குனியில் சனோபருக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜனனி பாப்பாவைப் பார்க்க வேண்டும் என்று நான்கு நாள் அடம்பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை தரணி அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். சனோபர் குழந்தையைத் தூக்கி ஜனனியின் மடியில் வைத்துவிட்டுத் தரணியைக் கட்டிக்கொண்டாள். அனீஸ் உள்ளேயிருந்து வந்தான். நன்றாக நடந்தான், நொண்டல் இல்லை. எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"ஒரு தடவ என்னைத் திட்டிருங்க தங்கச்சி," என்றான். "நான் போன் புடிச்சிட்டுப் பின்னால போகாம இருந்திருந்தா மாப்ள இருந்திருப்பான். தெனமும் அதுதான். தொழுவறப்பவும் அதுதான்."

தரணி குழந்தையைப் பார்த்தாள். அது ஜனனியின் விரலைப் பிடித்திருந்தது.

"உங்களத் தூக்கிட்டு எறங்குனதுக்கு அவரு வருத்தப்படலீங்கண்ணா," என்றாள். "கடைசி வரைக்கும் வருத்தப்படல. என்னாலதான் அத ஏத்துக்க முடியல. உங்க மேல எனக்குக் கோவம் வந்துச்சு. வரலைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது உங்களால இல்ல."

அனீஸ் தலையைக் குனிந்துகொண்டான். தரணி அவன் காலைப் பார்க்கக் கேட்டாள். அவன் பேண்டை மேலே ஏற்றினான். கெண்டைக்காலில் வழவழப்பான ஒரு கோடு, இரண்டு பக்கமும் தையல் புள்ளிகள். நன்றாக ஆறியிருந்தது. அவள் விரலால் அதன் நீளத்துக்கும் தடவிப் பார்த்தாள். சனோபர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் ஜனனி உட்கார்ந்தாள். மூன்று நிறுத்தம் வரை பாப்பாவைப் பற்றியே பேசினாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அன்னைக்கு எனக்குப் பசிக்காம இருந்திருந்தா அப்பா ஊசி போட்டிருப்பாரு இல்ல?"

இதை யாரும் குழந்தையிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஜனனி அந்த வரிசையில் அப்பாவின் தோளில் இருந்தாள். நாற்பது பேரையும் அவளும் பார்த்தாள். சீட்டு வாங்கி வரிசையில் நிற்கச் சொன்னதை அவளும் கேட்டாள். சாவு வீட்டில் பெரியவர்கள் பேசியதையும் கேட்டிருக்கிறாள். நான்கு மாதமாக இதைத் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள்.

ஊசி போட்டார் என்று சொல்லிவிடலாம். குழந்தைக்குத் தெரியும், போடவில்லை என்று.

"கண்ணு," என்றாள். "உனக்குப் பசிச்சா சாப்பாடு வாங்கித் தர்றது அப்பாவோட வேலை. அத அவரு செஞ்சாரு. சாப்பிட்டு வந்து மறுபடி நின்னிருக்கோணும். நிக்கல. எங்கிட்டப் பொய் சொன்னாரு. நான் சீட்டக் காட்டுங்கன்னு கேட்டிருக்கோணும். கேக்கல. அது பெரியவங்க ரெண்டு பேரு பண்ணுன தப்பு. பசிச்சதுல ஒரு தப்புமு இல்ல."

ஜனனி யோசித்தாள். "நான் ரெண்டு பரோட்டா கேட்டேன்," என்றாள் மெல்ல. "ஒண்ணு போதும்னு சொல்லியிருக்கலாம். சீக்கிரம் வந்திருப்போம்."

தரணி மகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவன் செத்த நாளிலிருந்து முதல் தடவையாக அவளுக்குச் சுரேந்தரின் மேல் கோபம் வந்தது. எரிகிற கோபம். ஒரு சொல், ஒரே ஒரு உண்மைச் சொல், அதைச் சொல்லியிருந்தால் இந்தக் குழந்தை இந்தக் கணக்கைப் போட வேண்டியிருக்காது. அந்தக் கோபத்தோடேயே அவன் முகமும் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ஓரமாக நின்று, டாக்டர்களுக்கு நடுவே அவள் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்த முகம். பஸ்ஸில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் நினைக்காமல் வாய்விட்டு அழுதாள். ஜனனியும் அழுதாள். முன் சீட்டிலிருந்த ஒரு அம்மாள் திரும்பி, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது. கண்டக்டர் வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டார். தரணி சொன்னாள். அவர் விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினார். இரண்டு பேரும் இறங்கி, வெயிலில், வந்த வழியே நடந்தார்கள்.